ஒரே கணினியில் இரண்டு குடித்தனம்: விண்டோஸுக்குள் லினக்ஸை அமைத்துக்கொண்ட அனுபவம்

நான் எழுதும் நிரல்கள் இறுதியில் ஓடுவது லினக்ஸ் சேவையகங்களில். வேலைக்கென்று எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பதோ விண்டோஸ் மடிக்கணினி. கூட்டங்களுக்கும் ஆவணங்களுக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் விண்டோஸ் இருந்தே ஆக வேண்டும்; நிரல் எழுதவும் சோதிக்கவும் லினக்ஸ் இருந்தே ஆக வேண்டும். முதலில் இரண்டையும் தனித்தனிப் பகிர்வுகளில் நிறுவி, கணினியைத் தொடங்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மின்னஞ்சலைப் பார்ப்பதற்காக எல்லாவற்றையும் மூடி மறுதொடக்கம் செய்வது சலித்துப்போனதால், முழு மெய்நிகர் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டேன். அது நினைவகத்தில் பெரும் பங்கை நாள் முழுவதும் பிடித்து வைத்திருந்தது. அதன் பிறகுதான் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் துணை அமைப்பான டபிள்யூஎஸ்எல்லுக்கு வந்தேன். இப்போது என் அன்றாட வேலை முழுவதும் அதில்தான் நடக்கிறது.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகி உரிமையுடன் விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லைத் திறந்து, டபிள்யூஎஸ்எல் கட்டளையை இன்ஸ்டால் என்ற தெரிவோடு ஓட்டினால், தேவையான விண்டோஸ் கூறுகளும், உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலும் (பயன்படுத்தத் தயாரான லினக்ஸ் தொகுப்பு) வந்து சேர்ந்துவிடும். இடையில் ஒரு மறுதொடக்கம் தேவைப்படும். எனக்கு அங்கே ஒரே ஒரு தடைதான் வந்தது. 80370102 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி லினக்ஸ் தொடங்க மறுத்தது. கணினியின் பயாஸ் அமைப்பில் செயலியின் மெய்நிகராக்க வசதி அணைந்திருந்ததே காரணம்; அதை இயக்கியதும் சரியாகிவிட்டது.

உண்மையான சிக்கல்கள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கின. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. ஒரு கோப்பாகட்டும், நிரலாகட்டும், பிணைய முகவரியாகட்டும், குறித்த நேரத்தில் ஓட வேண்டிய பணியாகட்டும், அது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது, எந்தப் பக்கத்தின் விதிப்படி நடக்கிறது என்று கேட்காமலேயே நான் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். டபிள்யூஎஸ்எல் என்பது ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருப்பதைப் போன்றது. வாசல் ஒன்று, மின்சாரம் ஒன்று. ஆனால் அடுப்பு தனி, கணக்கு தனி, பூட்டும் தனி. நடுவில் ஒரு கதவு எப்போதும் திறந்தே கிடப்பதால் சுவர் இருப்பதே மறந்துவிடுகிறது.

கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் முதல் தவற்றையே நான் தவிர்த்திருப்பேன். இந்தத் துணை அமைப்பு 2016-இல் விண்டோஸ் 10-இன் ஒரு புதுப்பிப்போடு சோதனை வடிவில் வெளிவந்தது. அந்த முதல் பதிப்பில் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலே கிடையாது. லினக்ஸ் நிரல் கெர்னலை நோக்கி விடுக்கும் ஒவ்வொரு அழைப்பையும் விண்டோஸ் பக்கத்தில் இருந்த ஓர் அடுக்கு வாங்கிக்கொண்டு, விண்டோஸ் கெர்னல் செய்யக்கூடிய செயலாக மாற்றிக் கொடுத்தது. 2019 மே மாதம் அறிவிக்கப்பட்டு, 2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 என்ற பதிப்போடு எல்லோருக்கும் கிடைத்த இரண்டாம் பதிப்பு அடியோடு வேறானது. அதில் ஹைப்பர்-வி என்ற விண்டோஸின் மெய்நிகராக்கத் தொழில்நுட்பத்தின் மேல் இலகுவான மெய்நிகர் இயந்திரம் ஒன்று ஓடுகிறது. அதற்குள் உண்மையான லினக்ஸ் கெர்னல் இருக்கிறது. லினக்ஸின் கோப்புகள் எல்லாம் லினக்ஸுக்கே உரிய இஎக்ஸ்டி4 வடிவில், விஎச்டிஎக்ஸ் என்ற நீட்சியுடைய ஒரே மெய்நிகர் வட்டுக் கோப்புக்குள் கிடக்கின்றன.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் கணிசமானவை முதல் பதிப்பின் காலத்தில் எழுதப்பட்டவை. அந்தக் காலத்தில் லினக்ஸ் பக்கத்துக் கோப்புகளை விண்டோஸ் நிரல்களால் தொட்டால் அவை கெட்டுப்போகும் அபாயம் இருந்தது. ஆகவே உங்கள் திட்டங்களை சி டிரைவிலேயே வைத்துக்கொண்டு, லினக்ஸிலிருந்து, விண்டோஸ் டிரைவ்கள் தெரியும் எம்என்டி கோப்புறை வழியாக அவற்றை அணுகுங்கள் என்று விவரமறிந்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அது சரியான அறிவுரை. நான் அதைப் படித்து, இரண்டாம் பதிப்பில் அப்படியே கடைப்பிடித்தேன்.

விளைவாக எல்லாமே ஊர்ந்தது. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் கருவியில், கிட் ஸ்டேட்டஸ் என்ற சிறிய கட்டளையைக் கொடுத்தால் பதில் வருவதற்குள் வேறொரு சாளரத்துக்குப் போய்த் திரும்பலாம். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கொண்ட நோட் தொகுப்புகளை (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கான துணைத் தொகுப்புகள்) நிறுவுவது அதைவிடக் கொடுமையாக இருந்தது. செயலியைக் குறை சொன்னேன், வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சந்தேகித்தேன், நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்தேன், ஒன்றும் பயன்படவில்லை. இரண்டாம் பதிப்பில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் தொடுவது என்றால், மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளிருந்து வெளியே இருக்கும் விண்டோஸிடம், 9பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாகக் கேட்டு வாங்குவது என்று பொருள். பெரிய கோப்பு ஒன்றைப் படிப்பதில் இந்தச் செலவு அவ்வளவாகத் தெரியாது. பத்தாயிரம் கோப்புகளைத் திறந்து, அளவு பார்த்து, மூடும் வேலையில் ஒவ்வொரு முறையும் சுவரைத் தாண்டிப் போய்வர வேண்டியிருக்கிறது. திட்டக் கோப்புறையை லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறைக்குள் நகர்த்திய அன்றே, அதே கட்டளை என்டர் விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்தது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யப்போகிறவர்கள் இதைச் செய்யட்டும்.

நகர்த்தினால் விண்டோஸிலிருந்து எப்படித் திறப்பது என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, லினக்ஸ் கோப்புகளை ஒரு பிணையக் கோப்புறை போல விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பாதுகாப்பாகத் திறக்க முடிகிறது. கட்டளைகளை எழுதும் லினக்ஸ் முனையத்தில் நிற்கும் இடத்திலிருந்தே எக்ஸ்ப்ளோரர் டாட் எக்ஸ்இ என்று எழுதி, இடைவெளி விட்டு ஒரு புள்ளி வைத்தால் அந்தக் கோப்புறை திறந்துகொள்ளும். விஎஸ் கோட் என்ற நிரல் திருத்தியைப் பயன்படுத்துவோருக்கு இன்னும் வசதி: அதன் டபிள்யூஎஸ்எல் நீட்சியை நிறுவிக்கொண்டால், திரை விண்டோஸிலும் கோப்புகளைத் தொடும் பகுதி லினக்ஸிலும் ஓடும். இதற்கு மாறாக, ஏதோ ஒரு காரணத்தால் கோப்புகள் விண்டோஸ் டிரைவில் இருந்தே தீர வேண்டும், அவற்றின் மீது லினக்ஸ் கருவிகளை ஓட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால், அந்த வேலைக்கு முதல் பதிப்பே இன்றும் வேகமானது. இரண்டு பதிப்புகளையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு லினக்ஸ் வழங்கலுக்கும் தனியாகப் பதிப்பைக் குறிப்பிடலாம்.

வேகத்தோடு இன்னொரு தொல்லையும் தீர்ந்தது. கோப்பில் ஒரு வரியை மாற்றிச் சேமித்தால், உருவாக்கக் கருவி அதைக் கவனித்து உலாவியில் உடனே காட்ட வேண்டும். எனக்கு அது நடக்கவே இல்லை. லினக்ஸில் கோப்பு மாற்றத்தை அறிவிக்கும் ஐநோட்டிஃபை என்ற ஏற்பாடு, விண்டோஸ் பக்கத்தில் நடக்கும் மாற்றங்களுக்குச் சுவரைத் தாண்டி வருவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. குறித்த இடைவெளியில் கோப்புகளைத் தானே போய்ப் பார்க்கும்படி அந்தக் கருவியை மாற்றி, செயலியைச் சூடேற்றிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருந்தேன். கோப்புகள் லினக்ஸ் பக்கம் வந்ததும் அந்த மாற்று ஏற்பாடே தேவைப்படவில்லை.

அனுமதிகளின் கதையும் இதே வகைதான். தொலைவிலுள்ள கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கருவிக்காக விண்டோஸ் கோப்புறையில் ஏற்கெனவே வைத்திருந்த தனிச்சாவியை எம்என்டி வழியாக லினக்ஸில் பயன்படுத்தப் பார்த்தேன். சாவி எல்லோரும் படிக்கும் நிலையில் இருக்கிறது என்று சொல்லி எஸ்எஸ்எச் அதை ஏற்க மறுத்தது. சிஎச்மோட் கட்டளையால் அனுமதியைக் குறைத்தால், பிழை எதுவும் காட்டாமல் அனுமதி பழையபடியே இருந்தது. விண்டோஸ் டிரைவில் லினக்ஸின் அனுமதிகளை எழுதிவைக்க இயல்பாக இடமில்லை. 777 என்று எல்லாருக்கும் எல்லாம் திறந்ததாகவே அவை காட்டப்படுகின்றன. லினக்ஸ் பக்கத்து அமைப்புக் கோப்பில், டிரைவ்களை இணைக்கும் பகுதியில் மெட்டாடேட்டா என்ற தெரிவைச் சேர்த்தால் அனுமதிகள் கூடுதல் குறிப்பாகச் சேமிக்கப்படும். சாவிகளைப் பொறுத்தவரை என் தீர்மானம் அதைவிட எளியது: அவற்றை லினக்ஸின் ஹோம் கோப்புறைக்கே நகலெடுத்து, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 என்று அனுமதி கொடுத்து அங்கேயே வைத்துவிட்டேன்.

வரி முடிவுகளைப் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் கிட் கொண்டு இறக்கிய ஷெல் நிரல்களில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸ் அந்த எழுத்தையும், ஷெல் நிரலை ஓட்ட வேண்டிய நிரலின் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு, அப்படியொரு நிரல் இல்லை என்று சொல்லும். நிரல் கண்ணெதிரே இருக்கும்போது இல்லை என்று வரும் செய்தி ஒருவரை எவ்வளவு நேரம் அலைக்கழிக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஒரு களஞ்சியத்தை எந்தப் பக்கத்தில் பயன்படுத்தப் போகிறோமோ அந்தப் பக்கத்து கிட்டால் இறக்குவதே தீர்வு. இதோடு ஒட்டிய மற்றொன்று: விண்டோஸின் நிரல் தேடல் பாதைகள் லினக்ஸின் பாத் மாறியோடு இயல்பாகவே சேர்க்கப்படுகின்றன. நோட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் கருவியை நான் லினக்ஸில் நிறுவ மறந்திருந்தபோதும் என்பிஎம் ஓடியது, ஓடியது விண்டோஸுடையது. அது லினக்ஸ் கோப்புறைக்குள் விண்டோஸுக்கான பைனரிகளை இறக்கிவைத்தது. விச் கட்டளையால் பாதையைக் கேட்டபோதுதான் விடை எம்என்டி என்று தொடங்கியதைக் கண்டேன். அன்றே அமைப்புக் கோப்பின் இன்டராப் பகுதியில் அப்பெண்ட்விண்டோஸ்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்கினேன். தேவைப்படும் ஓரிரு விண்டோஸ் நிரல்களுக்கு மட்டும் முழுப் பாதையோடு மாற்றுப்பெயர் வைத்துக்கொண்டேன்.

அமைப்புக் கோப்புகள் இரண்டு என்பதையும், அவை இரண்டு பக்கங்களில் இருக்கின்றன என்பதையும் இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்று விண்டோஸில், பயனரின் சொந்தக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற பெயரில் இருக்க வேண்டும். நினைவகம், செயலிக் கருக்களின் எண்ணிக்கை, பிணைய முறை என்று மெய்நிகர் இயந்திரம் முழுமைக்கும் உரியவை அதில் வரும். மற்றொன்று லினக்ஸுக்குள், இடிசி கோப்புறையில், டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃப் என்ற பெயரில் இருக்கும். டிரைவ் இணைப்பு, இயல்புப் பயனர், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி போன்று அந்த ஒரு வழங்கலுக்கு மட்டும் உரியவை அதில் வரும். முன்னதற்கு உரிய வரியைப் பின்னதில் எழுதினால் பயன் ஒன்றும் இருக்காது.

என் கணினியில் 16 ஜிபி நினைவகம். சில மணி நேர வேலைக்குப் பின் பணி மேலாளரைத் திறந்து பார்த்தால், விஎம்மெம் என்ற பெயரில் ஒரு செயல் 8 ஜிபி வரை பிடித்துவைத்திருக்கும். லினக்ஸுக்குள் போய் ஃப்ரீ கட்டளையில் பார்த்தால் என் நிரல்கள் அதில் கால் பங்கைக்கூடப் பயன்படுத்தியிருக்காது. இது கசிவு அன்று. இப்போதைய பதிப்புகளில் கணினி நினைவகத்தின் பாதி வரை மெய்நிகர் இயந்திரம் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. லினக்ஸ் கெர்னல் தன் இயல்புப்படி, சும்மா கிடக்கும் நினைவகத்தில் படித்த கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது. தனிக் கணினியில் அது நல்ல பழக்கம். பக்கத்துக் குடித்தனத்துக்கும் அதே நினைவகம் தேவைப்படுகிறது என்பது லினக்ஸுக்குத் தெரியாது. ஆகவே மேல்வரம்பை நாம்தான் சொல்ல வேண்டும். நான் 6 ஜிபி என்று வைத்தேன். விண்டோஸ் 11-இல் ஆட்டோமெமரிரீக்ளெய்ம் என்ற அமைப்பும் உண்டு. அதற்கு கிராஜுவல் என்ற மதிப்பைக் கொடுத்தால், வேலை இல்லாத நேரத்தில் அந்தத் தற்காலிக நினைவகம் சிறிது சிறிதாக விண்டோஸுக்குத் திரும்புகிறது.

இந்த வரம்பை நான் எழுதிய முதல் நாள் மாலை முழுவதும் அது நடைமுறைக்கு வரவில்லை. காரணங்கள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. நோட்பேடில் சேமித்த கோப்பின் முடிவில் டிஎக்ஸ்டி என்ற நீட்சி ஒட்டிக்கொண்டிருந்தது; எக்ஸ்ப்ளோரர் நீட்சிகளை மறைப்பதால் பெயர் சரியாக இருப்பதாகவே தோன்றியது. அதைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகும் மாற்றமில்லை. முனையச் சாளரத்தை மூடி உடனே திறந்தால் மெய்நிகர் இயந்திரம் இன்னும் நின்றிருக்காது. முழுவதும் நிற்க ஏறத்தாழ 8 விநாடிகள் ஆகும் என்று அதிகாரபூர்வ ஆவணமே சொல்கிறது. பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் கட்டளையை ஷட்டவுன் தெரிவோடு ஓட்டிவிட்டுப் பிறகு திறப்பதே உறுதியான வழி. அதன் பின் லினக்ஸுக்குள் ஃப்ரீ கட்டளை 6 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் அமைப்பு படிக்கப்பட்டது என்று பொருள். அமைப்பு எழுதியவுடன் அதைக் காட்டும் ஒரு கட்டளையையும் ஓட்டிப் பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கமாயிற்று.

வட்டு இடத்திலும் சுவர் உண்டு. செயலிகளைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் கொள்கலன்களின் படிமங்களால் லினக்ஸ் பக்கம் நிரம்பி, விண்டோஸ் இடமில்லை என்று எச்சரித்தது. லினக்ஸில் பல ஜிபி அளவுக்கு அழித்தேன்; டிஎஃப் கட்டளை இடம் காலியானதாகக் காட்டியது; விண்டோஸில் ஒரு ஜிபிகூடக் கூடவில்லை. மெய்நிகர் வட்டுக் கோப்பு தேவைக்கேற்ப வளரும். உள்ளே அழித்தால் தானாகச் சுருங்காது. துணை அமைப்பை முழுவதும் நிறுத்திவிட்டு, டிஸ்க்பார்ட் கருவியில் அந்த விஎச்டிஎக்ஸ் கோப்பைத் தேர்ந்தெடுத்து, காம்பேக்ட் கட்டளையைக் கொடுத்தால் இடம் திரும்பும். தானாகச் சுருங்கும்படி வட்டை அமைக்கும் தெரிவும் பிற்காலத்தில் வந்தது. ஆனால் தரவு சிதையக்கூடும் என்ற எச்சரிக்கையோடு அது பின்னர் தடுக்கப்பட்டதால், நான் சில மாதங்களுக்கு ஒருமுறை கையால் சுருக்குவதோடு நின்றுகொண்டேன்.

பிணையத்தில் எனக்கு நேர்ந்தவை இரண்டு. லினக்ஸில் ஓடும் இணையச் செயலியை அதே கணினியின் உலாவியில், அந்தக் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரால் திறக்க முடிந்தது. கைப்பேசியிலிருந்து திறக்க முடியவில்லை. இயல்பான முறையில் மெய்நிகர் இயந்திரம் விண்டோஸுக்குப் பின்னால், தனக்கென ஓர் உள் முகவரியோடு ஒளிந்திருக்கிறது. லோக்கல்ஹோஸ்ட் மட்டும் சிறப்பு ஏற்பாட்டால் கடத்தப்படுகிறது. விண்டோஸின் நெட்எஸ்எச் கருவியால் ஒரு போர்ட்டை (பிணைய வாசல் எண்ணை) லினக்ஸுக்குத் திருப்பிவிட்டேன். மறுநாள் லினக்ஸின் உள் முகவரி மாறிவிட்டதால் அது நின்றுபோனது. 2023 செப்டம்பரில் வந்த டபிள்யூஎஸ்எல் மென்பொருளின் 2.0 வெளியீட்டோடு, விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் மிரர்ட் என்ற பிணைய முறை கிடைத்தது. அதில் விண்டோஸின் பிணைய இடைமுகங்களையே லினக்ஸும் பகிர்ந்துகொள்கிறது. முறையை மாற்றிய பிறகும் ஹைப்பர்-வி தீச்சுவரில் அந்தப் போர்ட்டுக்கு உள்வரும் அனுமதி தர வேண்டும், செயலியும் 127.0.0.1 என்ற லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் மட்டும் காத்திராமல் எல்லா இடைமுகங்களிலும் காத்திருக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் இருப்பவர்களுக்கு இந்த முறை இல்லை. அவர்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிய முகவரியைக் கேட்டு நெட்எஸ்எச் விதியைத் திருத்தும் சிறு பவர்ஷெல் நிரலை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப் பிணைய இணைப்பு வந்தவுடன், லினக்ஸில் மட்டும் இணையப் பெயர்களுக்கு உரிய முகவரிகள் கிடைக்காமல்போயின. இடிசி கோப்புறையில் உள்ள ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பைக் கையால் திருத்தினேன். அடுத்த தொடக்கத்தில் என் திருத்தம் காணாமல் போயிருந்தது. அந்தக் கோப்பை ஒவ்வொரு முறையும் துணை அமைப்பே புதிதாக எழுதுகிறது. டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃபின் நெட்வொர்க் பகுதியில் ஜெனரேட்ரிசால்வ்கான்ஃப் என்பதை ஃபால்ஸ் ஆக்கி, ஏற்கெனவே இருக்கும் கோப்பை அழித்துவிட்டுச் சொந்தமாக ஒன்றை எழுதினால்தான் அது நிற்கும். விண்டோஸ் 11-இல் புதிய வெளியீடுகள் பெயர்த் தேடலை விண்டோஸிடமே ஒப்படைக்கும் டிஎன்எஸ் டனலிங் என்ற ஏற்பாட்டை இயல்பாகவே பயன்படுத்துவதால், இந்தத் திருத்தத்தைப் பின்னர் நீக்கிவிட்டேன். பழைய மருந்தை நோய் தீர்ந்த பிறகும் விட்டுவைத்தால் அது புதிய நோய்க்குக் காரணமாகிவிடுகிறது.

இனிச் சொல்லப்போவது எனக்கு உண்மையாகவே இழப்பை உண்டாக்கியது. லினக்ஸ் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, 2022 செப்டம்பர் முதல் இந்தத் துணை அமைப்பில் கிடைக்கிறது. டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃபின் பூட் பகுதியில் சிஸ்டம்டி என்பதை ட்ரூ ஆக்கினால் போதும். அதை இயக்கி, குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் கிரானும் தரவுத்தளமும் தாமாகத் தொடங்குவதைப் பார்த்ததும், இனி இது ஒரு முழுச் சேவையகம் என்று முடிவுகட்டினேன். தரவுத்தளத்தையும் என் வேலைக் கோப்புறையையும் தினமும் இரவு 11 மணிக்கு வெளி டிரைவுக்கு நகலெடுக்கும் பணியை கிரானில் எழுதினேன். சில வாரங்கள் நகல்கள் ஒழுங்காக வந்தன. நான் திருப்தியடைந்து, பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

சேவைகள் ஓடிக்கொண்டிருப்பதால் மட்டும் துணை அமைப்பு விழித்திருக்காது. முனையமும் நிரல் திருத்தியும் மூடப்பட்டுச் சிறிது நேரமானால் அது தன்னை நிறுத்திக்கொள்கிறது. கிரானும் அதோடு நின்றுவிடுகிறது. முதல் சில வாரங்களில் நான் இரவு வெகுநேரம் முனையத்தைத் திறந்துவைத்து வேலை செய்ததால்தான் 11 மணிப் பணி ஓடியது. வேலைப்பளு குறைந்து 9 மணிக்கே மூடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நகலும் எடுக்கப்படவில்லை. பணி தோற்றிருந்தால் பிழைச் செய்தியாவது எழுதியிருக்கும். அது தொடங்கவே இல்லை. ஆகவே எழுதவும் யாருமில்லை.

அந்த நிலையில், சோதனைக்காக நிறுவியிருந்த இன்னொரு உபுண்டுவை நீக்க முனைந்தேன். என்னிடம் உபுண்டு என்ற பெயரிலும், உபுண்டு-22.04 என்ற பெயரிலும் இரண்டு இருந்தன. அன்ரெஜிஸ்டர் என்ற தெரிவோடு தவறான பெயரைக் கொடுத்தேன். அந்தக் கட்டளை உறுதியா என்று கேட்பதில்லை. பதிவை மட்டும் நீக்குவதும் இல்லை. பெயரைப் பார்த்து, பட்டியலிலிருந்து எடுப்பது மட்டுமே என்று நான் எண்ணியிருந்தேன். அது மெய்நிகர் வட்டுக் கோப்பையே அழித்துவிடுகிறது, மறுசுழற்சித் தொட்டிக்கும் போகாது. வெளி டிரைவைத் திறந்து கடைசி நகலின் தேதியைப் பார்த்தபோது அது மூன்று வாரம் பழையதாக இருந்தது. கிட் சேவையகத்துக்கு ஏற்றியிருந்தவை பிழைத்தன. ஏற்றாமல் வைத்திருந்த நான்கு நாள் வேலையும், சோதனைக்காகப் பொறுமையாகத் திரட்டிய தரவும் போயின. அந்தத் தரவை மறுபடி திரட்ட எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று.

இப்போது நகலெடுக்கும் பணியை விண்டோஸின் பணித் திட்டமிடுவான் தொடங்குகிறது. அது டபிள்யூஎஸ்எல் கட்டளையை வழங்கலின் பெயரோடும் என் நிரலின் பாதையோடும் ஓட்டுகிறது. லினக்ஸ் உறங்கிக்கொண்டிருந்தால் அந்த அழைப்பே அதை எழுப்பிவிடும். கணினி அணைந்திருந்து நேரம் தவறினால், அடுத்து வாய்ப்பு கிடைத்தவுடன் ஓடும்படியும் அதில் குறிக்க முடிகிறது. நிரலின் கடைசி வரி, நகலின் தேதியை ஒரு கோப்பில் எழுதுகிறது. நான் முனையத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தேதி முதல் வரியாகத் தெரியும். இரண்டு நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குகிறேன்.

இதைத் தவிர, பெரிய மாற்றம் எதையும் செய்வதற்கு முன் எக்ஸ்போர்ட் தெரிவால் முழு வழங்கலையும் டார் என்ற ஒற்றைத் தொகுப்புக் கோப்பாக எடுத்துவைக்கிறேன். அதை இம்போர்ட் தெரிவால் வேறு பெயரில், வேறு டிரைவில் மீட்டெடுக்கலாம். சி டிரைவில் இடம் போதாதவர்கள் லினக்ஸை இடம் மாற்றவும் இதே வழிதான். இறக்கியபின் எல்லா உரிமையும் கொண்ட ரூட் பயனராக உள்ளே போய்விட்டால் அஞ்ச வேண்டாம். டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃபின் யூசர் பகுதியில் இயல்புப் பயனரின் பெயரை எழுதினால் சரியாகிவிடும். எடுத்த நகலை ஒரு முறையாவது வேறு பெயரில் இறக்கித் திறந்து பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். திறந்து பார்க்காத நகலை நம்பி அன்ரெஜிஸ்டர் கட்டளையின் பக்கமே போகக் கூடாது. வழங்கல்களுக்கு நான் இப்போது வேலை, சோதனை என்று ஒன்றோடொன்று குழம்பாத பெயர்களையே வைக்கிறேன்.

இரண்டு அமைப்புக் கோப்புகளும் இன்று ஒரு கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் மேலே, அது எந்தச் சிக்கலுக்காக, எந்த மாதம் சேர்க்கப்பட்டது, வேலை செய்கிறதா என்று எந்தக் கட்டளையால் பார்ப்பது என்பதைக் குறிப்பாக எழுதியிருக்கிறேன். அண்மையில் 32 ஜிபி நினைவகமுள்ள புதிய மடிக்கணினி கைக்கு வந்தபோது, டார் கோப்பை இறக்கி, இரண்டு கோப்புகளையும் உரிய பக்கங்களில் வைத்து, ஷட்டவுன் கொடுத்துவிட்டுத் திறந்தேன். குறிப்புகளில் இருந்த கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிச் சரிபார்த்தேன். நினைவக வரம்பை மட்டும் 6-இலிருந்து 12-ஆக மாற்ற வேண்டியிருந்தது.